கவலைப்படுகிறவருக்கு ஈமான் குறைவா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மனசைப் பற்றியவை. தொழுகை, வாரிசுப் பங்கு என்று வழக்கமாக வருகிறவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். நான் பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுக்கிற ஆள் இல்லை, பாடசாலையில் இஸ்லாம் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவன், அந்த அளவில் வாசித்துக்கொள்ளுங்கள். எழுதியவர்களின் பெயரை மட்டுமல்ல, தெருவின் பெயரையும் விட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் ஒழுங்கையைச் சொன்னாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

கேள்வி: சேர், நாங்கள் சந்தோசமாக இருப்பதை மார்க்கம் விரும்புகிறதா இல்லையா? ஒரு பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) இந்தத் துன்யா (உலகம்) மூமினுக்கு (இறை நம்பிக்கையாளருக்கு) ஒரு சிறைச்சாலை என்கிறார்கள், அடுத்த பயானில் இஸ்லாம் சந்தோசத்தின் மார்க்கம் என்கிறார்கள். எதை எடுப்பது? (ஒரு வாசகி)

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆளுக்குப் பாதி. "மனிதனைக் கஷ்டத்திலேயே படைத்திருக்கிறோம்" என்று குர்ஆன் (90:4) சொல்கிறது. ஈமான் (இறை நம்பிக்கை) கொண்டு நல்லது செய்கிறவர் ஆணானாலும் பெண்ணானாலும் அவரை நல்லதொரு வாழ்க்கை வாழச் செய்வோம் என்று சொல்வதும் (16:97) அதே குர்ஆன்தான். நாங்கள் ஓதுகிற "ரப்பனா ஆத்தினா" துஆவையே எடுங்கள், அதில் முதலில் கேட்பது இந்தத் துன்யாவின் நல்லதை, ஆகிறத் (மறுமை) அதற்கு அடுத்தது. இங்கே நல்லபடி வாழ்வது பிழை என்றால் அதைக் கேட்கச் சொல்லி ஏன் கற்றுத் தர வேண்டும்?

எவ்வளவு இருந்தால் போதும் என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. திர்மிதி என்ற தொகுப்பில் வருகிற ஹதீஸ் (நபிமொழி): தன் இடத்தில் பயமில்லாமல், உடம்பில் சுகத்தோடு, அன்றைய சாப்பாடும் கையில் இருக்கப் பொழுது விடிந்தவருக்கு இந்த உலகம் முழுவதையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. வீடு வளவு, வாகனம், வெளிநாட்டு விசா ஒன்றும் அந்தப் பட்டியலில் இல்லை, கவனித்தீர்களா? பட்டியலில் முதலாவதாக நிற்பது பயமில்லாமை. வேறு ஊர்களில் இதை விளக்க நேரம் எடுக்கலாம். ஷெல் சத்தத்தில் பொழுது விடியக் கண்ட யாழ்ப்பாணத்தாருக்கு, முஸ்லிமோ சைவமோ வேதக்காரரோ, இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

கேள்வி: பள்ளிவாசலில் சிரித்துக் கதைத்தால் பெரியவர்கள் முறைக்கிறார்கள். நபியவர்கள் சிரித்ததே இல்லையா? (ஒரு மாணவன், தரம் 10)

தொழுகிறவருக்கு இடைஞ்சலாகச் சிரித்தால் நானும் முறைப்பேன். மற்றப்படி, நபி (ஸல்) அவர்களைவிட அதிகம் புன்னகைக்கிற ஒருவரை நான் கண்டதில்லை என்று ஒரு ஸஹாபி (நபித்தோழர்) சொன்னது திர்மிதியில் இருக்கிறது. பகிடியும் விட்டிருக்கிறார்கள். ஏறிப் போக ஒட்டகம் கேட்டு வந்த ஒருவரிடம் "உங்களை ஒட்டகக் குட்டி மேல் ஏற்றி அனுப்புகிறேன்" என்றார்கள். அவர் "குட்டியை வைத்து நான் என்ன செய்ய?" என்று திகைக்க, "எந்த ஒட்டகமும் ஏதோ ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே" என்றார்கள். முறைக்கிற பெரியவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிக்காவிட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

கேள்வி: நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். ஐந்து நேரமும் தொழுகிறேன். ஆனால் சில மாதங்களாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை. ஒரு வீடியோவில் "உண்மையான ஈமான் உள்ளவனுக்கு டிப்ரஷன் வராது" என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து இன்னும் மோசமாகிவிட்டது. என் ஈமானில்தான் குறையா?

தம்பி, அந்த வீடியோவை இனிப் பார்க்க வேண்டாம்.

யஃகூப் (அலை) ஒரு நபி. மகன் யூஸுபை நினைத்து நினைத்து அவருடைய கண்கள் வெளுத்துப் பார்வை போனதாகக் குர்ஆனே (12:84) சொல்கிறது. அவருக்கு ஈமான் குறைவு என்று சொல்ல யாருக்காவது துணிவு வருமா? நபி (ஸல்) அவர்களுக்கு மனைவி கதீஜா நாயகியும் பெரியப்பா அபூதாலிபும் ஒரே ஆண்டில் மௌத்தானார்கள் (இறந்தார்கள்). குழந்தை இப்றாஹீம் மௌத்தானபோது, கண் அழுகிறது, உள்ளம் கவலைப்படுகிறது, ஆனாலும் இறைவன் விரும்பாததைச் சொல்ல மாட்டோம் என்று எல்லோர் முன்னாலும் அழுதார்கள். வஹீ (இறைச்செய்தி) வருவது கொஞ்சக் காலம் நின்று போனதும், அதற்குப் பிறகு "உம்முடைய இறைவன் உம்மைக் கைவிடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை" என்று லுஹா அத்தியாயம் இறங்கியதும் நீங்கள் படித்ததுதான். கைவிடப்பட்டோமோ என்ற எண்ணம் வருவதே குற்றம் என்றால், அதற்கு ஏச்சு அல்லவா இறங்கியிருக்க வேண்டும்? இறங்கியது ஆறுதல்.

உங்களைப் போலவே சாப்பாடு இறங்காமல் போன இன்னொருவர் இமாம் கஸ்ஸாலி. 1095ஆம் ஆண்டு, பக்தாதின் நிழாமிய்யா கல்லூரியில் பெரிய பேராசிரியர், முப்பதுகளின் கடைசி வயது, பேர் புகழுக்குக் குறைவில்லை. ஒரு நாள் மாணவர்களுக்குப் படிப்பிக்க வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை. பிறகு ஒரு வாய் சூப் கூட இறங்கவில்லை. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கியிருக்கிறது, உள்ளே இருக்கிற கவலை நீங்காமல் மருந்து வேலை செய்யாது என்று கையை விரித்தார்கள். இதெல்லாம் அவரே தன்னைப் பற்றி எழுதி வைத்தது. அதே ஆண்டு பதவியை விட்டுவிட்டுப் பக்தாதை விட்டே வெளியேறினார். மனித மகிழ்ச்சியைப் பற்றிப் பாரசீக மொழியில் அவர் எழுதிய பெரிய நூல் இந்த அனுபவத்துக்குப் பிறகு வந்தது, முன்னால் அல்ல.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். கஸ்ஸாலிக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னால், இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கிற பல்க் ஊரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கி என்ற அறிஞர், கவலை இரண்டு வகை என்று எழுதினார். ஒன்றுக்குக் காரணம் தெரியும், இழப்போ பயமோ. மற்றதற்குக் காரணமே தெரியாது, அது உடம்பிலிருந்து வருவது, அதற்கு உடம்பையும் பார்க்க வேண்டும் என்றார். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் முஸ்லிம் அறிஞர்கள் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க, நாங்கள் இன்னும் "தொழுதால் சரியாகிவிடும்" என்று இளைஞர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது.

தொழுகையை விடாதீர்கள். "கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் உன்னிடம் பாதுகாப்புத் தேடுகிறேன்" என்ற துஆ புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது, அதையும் ஓதுங்கள். இதோடு யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நம்பிக்கையான ஒரு கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கும் முன்னால் யாரிடமாவது கதைக்க வேண்டும் போல இருந்தால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம். "அல்லாஹ் ஒரு நோயை இறக்கினால் அதற்கு மருந்தையும் இறக்காமல் விடவில்லை" என்ற ஹதீஸில் காய்ச்சலுக்கு மட்டும் என்று எழுதியிருக்கவில்லை.

கேள்வி: தங்கச்சிக்குப் பிள்ளை கிடைத்து இரண்டு மாதம். அழுதபடியே இருக்கிறா, பிள்ளையைத் தூக்கவும் மனசில்லை. மாமி இது ஜின்னுடைய வேலை என்று ஓதிப் பார்க்க ஆள் கூட்டி வந்தா. நாங்கள் என்ன செய்வது? (ஒரு ராத்தா)

ஓதுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், குர்ஆன் ஓதுவதால் யாருக்கும் கெடுதி வராது. ஆனால் ஓதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இப்படி வருவது வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய், சுகப்படுத்தவும் முடியும். வீட்டுக்கு வருகிற மிட்வைஃப் மிஸ்ஸியிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவ எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லுவா. சாக வேண்டும் போல இருக்கிறது என்றோ பிள்ளைக்கு ஏதும் செய்துவிடுவேன் என்றோ தங்கச்சி வாய் தவறிச் சொன்னால்கூட, அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

மாமியிடம் மர்யம் அத்தியாயத்தை எடுத்து வாசித்துக் காட்டுங்கள். பிரசவ வலியில் பேரீச்ச மரத்தடியில் மர்யம் (அலை) "இதற்கு முன்னமே நான் செத்துப் போயிருக்கக் கூடாதா" (19:23) என்கிறார்கள். உலகப் பெண்களுக்கு மேலாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் சொன்ன வார்த்தை அது. அதற்கு வந்த பதில் என்ன தெரியுமா? இப்படியா பேசுவது என்று ஒரு சொல் இல்லை. கவலைப்படாதே, காலடியில் தண்ணீர் ஓடுகிறது, மரத்தை உலுக்கு, பழம் விழும், சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு. அதோடு, ஆட்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம் என்று ஒரு சலுகை. பிள்ளை பார்க்க வருகிற சனத்தைக் கொஞ்ச நாளைக்கு மட்டுப்படுத்த இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகி (ரலி) வீட்டில் மௌத்து நடந்தால் தல்பீனா என்ற ஒரு கஞ்சி காய்ச்சச் சொல்லுவார்கள், அது நோயாளியின் உள்ளத்துக்கு இதம், கவலையில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டதாக. வாற்கோதுமைக் கஞ்சிதான். உங்கள் வீட்டில் எந்தக் கஞ்சி நல்லா வருமோ அதைக் காய்ச்சி, பக்கத்தில் இருந்து கொடுங்கள், ராவைக்குப் பிள்ளையை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு அவவைத் தூங்க விடுங்கள்.

கேள்வி: பாரிஸில் இருக்கிற என் மச்சான் ஸ்டேட்டஸ் போடாத நாள் இல்லை. புதுக் கார், கடற்கரை, ஹோட்டல். நான் இங்கே பழைய இரும்புக் கடையில் நிற்கிறேன். பார்த்தால் மனசு எரிகிறது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

குர்ஆன் சொல்கிற பெரும் பணக்காரன் காரூனும் ஸ்டேட்டஸ் போட்டவன்தான், போன் மட்டும் இல்லை. அலங்காரம் பண்ணிக்கொண்டு சனத்துக்கு நடுவே வந்தான், பார்த்தவர்கள் "காரூனுக்குக் கிடைத்தது எங்களுக்கும் கிடைத்திருக்கக் கூடாதா, பெரிய அதிர்ஷ்டக்காரன்" என்று ஏங்கினார்கள் (28:79). அவன் வீட்டோடு பூமிக்குள் போன பிறகு, முந்தின நாள் ஏங்கிய அதே ஆட்கள் "நல்ல காலம், நாங்கள் தப்பினோம்" என்றார்கள். உங்கள் மச்சானைக் காரூன் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காருக்கு எத்தனை வருடம் லீசிங் கட்டுகிறாரோ, அந்தக் கடற்கரைக்கு எத்தனை இரவு வேலை செய்தாரோ, அதையெல்லாம் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

உங்களுக்கு மேலே இருப்பவரைப் பார்க்காமல் கீழே இருப்பவரைப் பாருங்கள் என்று ‘முஸ்லிம்’ என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. நல்ல மருந்து, ஆனால் தனக்குத்தானே குடிக்க வேண்டிய மருந்து. வசதியானவர்கள் இதை எடுத்து ஏழைகளுக்கு உபதேசம் பண்ணும்போது எனக்குக் காது கூசுகிறது. சம்பளம் கூட்டிக் கேட்கிற வேலையாளிடம் "உனக்குக் கீழே இருக்கிறவனைப் பார்" என்று ஒரு முதலாளி சொன்னால் அது ஹதீஸைப் பின்பற்றுவது இல்லை, ஹதீஸுக்குப் பின்னால் ஒளிவது. காரூனுக்குச் சொன்ன புத்தியிலேயே "இந்த உலகில் உன் பங்கை மறந்துவிடாதே" என்றும் இருக்கிறது. ஆசைப்படுங்கள், உழையுங்கள், கடையைப் பெரிதாக்குங்கள். மச்சானுடைய ஸ்டேட்டஸை மட்டும் மியூட் பண்ணிவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு ஒரு தரம் போன் எடுத்துக் கதையுங்கள். படத்தில் வராத கதையெல்லாம் அப்போது வரும்.

கேள்வி: வாப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1990இல் வெளியேறி, புத்தளத்தில் இருபது வருடம் இருந்து, சண்டை முடிந்த பிறகு ஊருக்கு வந்தோம். அவருடைய ஒரே ஆசையே யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவுக்குத் திரும்புவதுதான். வந்தும் சந்தோசமாக இல்லை. பழைய வீடு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், சில நாள் புத்தளத்தைப் பற்றியே கதைக்கிறார். சொந்தக்காரர்கள் "நாடு வந்தாச்சு, சுக்ர் (நன்றி) செய்யாமல் என்ன கவலை" என்று ஏசுகிறார்கள். அவருக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?

அவருக்குப் புரிய வைக்க ஒன்றும் இல்லை, புரிய வேண்டியது ஏசுகிறவர்களுக்கு.

1990 ஒக்டோபர் 30. ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறு என்று புலிகள் சொன்னது. கையில் கொஞ்சக் காசு, ஒரு மாற்றுடுப்பு, சிலருக்கு அதுவும் இல்லை. வடக்கிலிருந்து அப்படிப் போன முஸ்லிம்கள் சுமார் எழுபத்தையாயிரம் பேர். திரும்பி வந்து பார்த்தால் கூரை இல்லை, கதவு நிலையைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், கிணற்றுச் சுவரில் ஆலங்கன்று முளைத்து நின்றது. இதைப் பார்த்துவிட்டு ஒரு மனுசன் துள்ளிக் குதித்தால்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

நபி (ஸல்) அவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. மக்காவை விட்டு வெளியேறும்போது திரும்பி நின்று, அல்லாஹ்வின் பூமியிலேயே எனக்குப் பிரியமான இடம் நீதான், உன் சனம் என்னை வெளியேற்றாவிட்டால் நான் போயிருக்க மாட்டேன் என்று ஊரிடம் சொன்னார்கள். ஹிஜ்ரத் (மதீனாவுக்குக் குடிபெயர்வது) அல்லாஹ்வின் கட்டளை, போகிற இடத்தில் வரவேற்பு காத்திருக்கிறது, அப்படியிருந்தும் ஊரை விடுவது வலித்தது. மதீனாவுக்குப் போன புதிதில் நபித்தோழர் பிலால் (ரலி) காய்ச்சலில் கிடந்து, இன்னொரு இரவாவது மக்காப் பள்ளத்தாக்கில் அந்தப் புல் பூண்டுகளுக்கு நடுவே தங்கக் கிடைக்குமா என்று கவிதை பாடினார். அந்த ஊரில் அவரைச் சுடுமணலில் போட்டு நெஞ்சில் கல் வைத்தவர்கள் இருந்தார்கள், ஆனாலும் ஊர் ஊர்தான். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் இவ்வளவு கொடுமை செய்த ஊரையா நினைக்கிறாய் என்று கேட்கவில்லை. "யா அல்லாஹ், மக்காவைப் போல, அல்லது அதைவிடக் கூடுதலாக மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்கு" என்று துஆ கேட்டார்கள்.

பிறகு மக்கா கைக்கு வந்தது. எங்கே தங்கப் போகிறீர்கள், உங்கள் வீட்டிலா என்று நபித்தோழர் உஸாமா (ரலி) கேட்டதற்கு நபியவர்கள் சொன்ன பதில் புகாரியில் இருக்கிறது: "அகீல் எங்களுக்கு ஏதாவது வீட்டை விட்டு வைத்தாரா?" அகீல் அபூதாலிபின் மகன். இவர்கள் இல்லாத காலத்தில் வீடு கைமாறிவிட்டது. எத்தனை யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்கள் இதே வார்த்தையை, ஆளின் பெயரை மட்டும் மாற்றி, சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். (இதை வைத்து, அப்போ நாங்களும் காணியை விட்டுவிட வேண்டியதுதான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். காணி உறுதி கையில் இருந்தால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள், உரிமையைக் கேட்பது சுக்ருக்கு எதிரானது இல்லை.)

சரி, வாப்பா ஏன் புத்தளத்தைப் பற்றிக் கதைக்கிறார்? இருபது வருடம் என்றால் சும்மாவா. உங்களில் சிலரே அங்கே பிறந்திருப்பீர்கள், உம்மும்மாவை அங்கேதான் அடக்கியிருப்பீர்கள். அகதி என்ற பேர் போகாமலே இருந்தாலும், முதல் ராத்திரி வீட்டுத் திண்ணையைத் திறந்துவிட்டு சோறு போட்டதும் அந்த ஊர்ச் சனம்தான். மக்கா வெற்றிக்குப் பிறகு மதீனாவின் அன்ஸாரிகளுக்கு (நபியவர்களை ஏற்று ஆதரித்த ஊர்க்காரர்களுக்கு) ஒரு பயம் வந்தது, சொந்த ஊர் கிடைத்துவிட்டது, இனி எங்களிடம் வர மாட்டார்களோ என்று. நபி (ஸல்) அவர்கள் அவர்களைக் கூப்பிட்டு, "வாழ்ந்தாலும் உங்களோடு, மௌத்தானாலும் உங்களோடு" என்றார்கள். அப்படியே திரும்பிப் போய் மதீனாவிலேயே அடங்கினார்கள். இரண்டு ஊரில் மனசை வைத்திருப்பது நன்றி கெட்டதனம் என்றால் இதற்கு என்ன பெயர் வைப்பது?

வாப்பாவை ஒரு தரம் புத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து நாள் விட்டுவிட்டு வாருங்கள், பழைய கூட்டாளிமாரோடு இருந்துவிட்டு வரட்டும். இங்கே இருக்கும்போது மாலையில் அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் நடுவே யாராவது சின்னப் பிள்ளைகளை அவரிடம் அனுப்பி, எந்த வீடு யாருடையது, ஐஞ்சு சந்தியில் எந்தக் கடை எங்கே இருந்தது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவர் அழுதால் அழட்டும். "என் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்" என்று யஃகூப் நபி சொன்னதுகூட, பிள்ளைகள் எல்லோரும் கூடி நின்று இன்னும் யூஸுபையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே என்று குறை சொன்னதற்குப் பதிலாகத்தான்.

கேள்வி: நான் சைவம். என்னோடு வேலை செய்கிற முஸ்லிம் கூட்டாளி நோன்பு மாதத்தில்தான் மற்ற நாட்களைவிடக் கலகலப்பாக இருக்கிறான். தண்ணீர்கூடக் குடிக்காமல் இது எப்படி?

நோன்பாளிக்கு இரண்டு சந்தோசம், ஒன்று நோன்பு திறக்கும்போது, மற்றது இறைவனைச் சந்திக்கும்போது என்று ஹதீஸ். முதலாவதை நீங்களே பார்க்கலாம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் அவனோடு பள்ளிவாசலுக்குப் போங்கள், பேரீச்சம்பழமும் இஞ்சி பூண்டு மணக்கிற கஞ்சியும் கையில் வரும். கந்தசஷ்டி ஆறு நாளும் பிடித்துப் பாறணை பண்ணியவராக இருந்தால் உங்களுக்கு நான் சொல்லவே தேவையில்லை. மதியம் மூன்று மணிக்கு அவனிடம் கணக்கு வழக்குக் கேட்காதீர்கள், அந்த நேரத்துக் கலகலப்புக்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: மகளின் கல்யாணத்துக்கும் பிறகு உம்மாவின் வைத்தியத்துக்கும் கடன் பட்டேன். வாரா வாரம் கட்ட வேண்டிய நுண்கடன், வட்டி மேல் வட்டி. கதவு தட்டினால் நெஞ்சு இடிக்கிறது. எல்லோரும் ஸப்ர் (பொறுமை) செய் என்கிறார்கள். எப்படி நிம்மதி வரும்? (ஒரு தாய்)

கடன்காரர் வாசலில் நிற்கும்போது ஸப்ர் மட்டும் போதாது, அது மார்க்கத்துக்கும் தெரியும். நபி (ஸல்) அவர்கள் தொழுகையிலேயே கடனிலிருந்து பாதுகாப்புத் தேடினார்கள். ஏன் இவ்வளவு தேடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்லுவான், வாக்குக் கொடுத்தால் மீறுவான் என்றார்கள். அதாவது கடன் ஒரு நல்ல மனுசனை என்ன பாடு படுத்தும் என்பதை ஒளிக்காமல் சொன்னார்கள். கஷ்டத்தில் இருக்கிற கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும், விட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது என்பது குர்ஆன் (2:280), ஆனால் லோன் கொடுத்தவர்களுக்கு அந்த வசனம் சொன்னால் எடுபடாது.

எங்களிடம் எடுபட வேண்டும். ஸகாத் (கட்டாயத் தர்மம்) யாருக்கு என்று குர்ஆன் (9:60) எட்டுக் கூட்டத்தாரைச் சொல்கிறது, அதில் கடன்பட்டவர்கள் தனியாக ஒரு கூட்டம். ஏழைகள், வறியவர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, பிறகு தனியாகக் கடனாளிகளையும் சேர்த்திருக்கிறது. ரமழான் இருபத்தேழில் வாசலில் நிற்கிறவர்களுக்கு நூறு, இருநூறு என்று சில்லறையாகக் கொடுத்து முடிக்கிற எங்கள் பழக்கத்தால் ஒருவருடைய கடனும் முழுதாக அடைந்ததில்லை. பத்துப் பேர் சேர்த்து ஒரு வீட்டின் கடனை ஒரேயடியாக அடைத்தால் அந்த வீடு அடுத்த வருடம் கை நீட்டாது. பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

தாயே, நீங்கள் கூச்சப்படாமல் உங்கள் பள்ளியின் ஸகாத் பொறுப்பாளரிடம் போங்கள். கேட்பது பிச்சை இல்லை, உங்கள் பங்கு. அந்தக் கடனை அடைக்க இன்னொரு லோன் மட்டும் எடுக்காதீர்கள், யார் வந்து என்ன சொன்னாலும். போகும்போது லோன் புத்தகம், கட்டிய துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். முடிந்தால் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் எவ்வளவு கேட்பது என்று உங்களுக்கே தெரிய வரும்.